பதினேழாம் எண் மனை

இங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது.
நாங்கள் பதினேழு.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு.
பிரெமனுக்கு வடக்கே, ஹம்மே ஆறு
கரை எது நீர் எது என்று முடிவெடுக்காமல் கிடக்கும் இடத்தில்
அரசாங்கத்து ஆள் கயிறு பிடித்து அளந்து
குடும்பத்துக்கு நான்கு முளைக்குச்சி கொடுத்துப் போனான்.
பத்து வருஷம் வரி இல்லை என்றான்.
அடித்த குச்சி மறுநாள் காலை
ஒரு சாண் இறங்கியிருந்தது.

சேற்றுக்கட்டிகளை அடுக்கிச் சுவர்,
மேலே காய்ந்த புதர்.
புகைபோக்கி வைக்கவில்லை,
புகை கதவு வழியாகப் போய்ப் பழகிக்கொண்டது.
கிணற்றில் ஊறுவது
தோல் பதனிடும் தொட்டித் தண்ணீரின் நிறம்.
வெள்ளைத் துணி என்று எங்களிடம் எதுவும் மிச்சமில்லை,
கல்யாணத் துணியும் சேர்த்து.

இது மண் அல்ல,
ஆறிய பாலின் மேல் படிந்த ஆடை.
டியெர்க் விறகு பிளந்தால்
அலமாரியில் மூன்று கிண்ணமும் ஒன்றையொன்று இடித்துப் பேசும்.
தொட்டிலாட்ட ஆள் வேண்டாம்.
வாசலில் யாராவது நடந்தால் போதும்,
பிள்ளை தூங்கிவிடும்.

மே மாதம் மேல்தோலைக் கொத்திக் காயவைத்துக் கொளுத்துவோம்.
நீளக் கைப்பிடிச் சட்டியில் தணல் ஏந்தி
காற்றை எதிர்த்து நடந்தபடி
பின்னால் பின்னால் வீசிப் போவேன்.
இரண்டு வாரம் சூரியன் தேய்ந்த செப்புக்காசு.
நகரத்தில் துணி உலர்த்த முடியவில்லை என்று
மனுப் போட்டார்களாம்.
சாம்பலில் பக்வீட் விதைப்போம்.
போன ஜூனில் ஒரே ஓர் இரவு உறைபனி.
விடிந்தால் வயல் முழுக்க
வெந்த கீரை.
டியெர்க் கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
வாய்க்கால் வெட்டப் போனான், வழக்கம்போல.

வாய்க்கால் ஆளுக்குப் பாதி என்பது சட்டம்.
பதினெட்டாம் எண் லூடர் அளந்த பாதியும்
டியெர்க் அளந்த பாதியும்
சந்திக்கவில்லை.
ஒரு முழம்.
ஒரு முழம் சேற்றுக்காக லூடர்
குறுக்கே கிடந்த பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
அறுவடை முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை.

ஆனாலும் எனக்குத் தெரியும்
அவன் எப்போது எழுகிறான், எப்போது சாய்கிறான்.
இடது காலில் ஊனம், கிண்ணங்கள் சொல்லிவிடும்:
ஒரு முறை பலமாக, ஒரு முறை பட்டும் படாமல்.
அவன் மனைவி மெட்டா நடுச்சாமத்தில் எழுந்து
நாலடி போவாள், திரும்புவாள்.
நாலடி. திரும்புவாள்.
என்னவென்று போய்க் கேட்கப்
பலகை இல்லை.

அக்டோபரில் ஓர் இரவு
கிண்ணங்கள் வேறு விதமாக அடித்துக்கொண்டன.
நடை அல்ல. கோடரி அல்ல.
“குதிரை” என்றான் டியெர்க், காலணியைத் தேடாமல்.

போரில் மிஞ்சிய கிழட்டுக் குதிரை.
மரக்குளம்பு மாட்டித்தான் வெளியே விடுவான் லூடர்;
அன்று ஒன்று கழன்றிருக்கிறது.
நாங்கள் போகும்போது வயிறுவரை உள்ளே.
அது கத்தவில்லை. மூச்சு மட்டும்.
இடுப்பளவு வாய்க்காலை நான் எப்படிக் கடந்தேன் என்று
இப்போது கேட்டால் தெரியாது.
பலகை போதவில்லை.
டியெர்க் திரும்பி ஓடி எங்கள் கதவைக் கழற்றி வந்தான்.
பதினான்கும் இருபதும் கயிற்றோடு வந்தார்கள்.
விடியும்போது குதிரை வெளியே நின்று நடுங்கியது,
கதவு இரண்டாய்ப் பிளந்து சேற்றில் கிடந்தது.
யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் பலகை பழைய இடத்தில்,
குதிரை மயிர் ஒட்டியபடி.
அந்த ஒரு முழம் இன்னும் வெட்டப்படவில்லை.

மெட்டா வந்தாள், கதவில்லாத வாசலில் தட்ட எதுவுமின்றி
சற்று நின்று, உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
இரவு நடையைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவள் கண் அலமாரிக்குப் போனது.
“ஓ, உங்களுக்குக் கிண்ணமா” என்றாள்.
“எங்களுக்கு ஒரு தகரத் தட்டு.
நீங்கள் இருவரும் சண்டை போட்டால்
இரவெல்லாம் எங்களால் தூங்க முடிவதில்லை.”